மெட்டி வேண்டாமாம்

ரக்ஷனாவின் கால்விரல் நகங்களை அவளைத் தவிர இரண்டே பேர்தான் பார்த்திருந்தார்கள். ஒருவர் டாக்டர். இன்னொருவர் அவளுடைய அம்மா, அதுவும் ஒருநாள் குளியலறைக் கதவு சரியாகச் சாத்தாமல் போனதால்.

பார்க்கும்படியான நகங்களும் இல்லை அவை. இரண்டு பெருவிரல்களிலும் நகம் தடித்து, மஞ்சளித்து, சுக்குத் துண்டு போலக் கோணிக்கொண்டு நின்றது. பக்கத்து விரல்களில் நகம் பாதி உதிர்ந்து, தொட்டால் மாவாகக் கொட்டியது. பூஞ்சை. நாலைந்து வருஷத்துப் பூஞ்சை.

ரக்ஷனா சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி. ஊரார் கைகால் பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. ஏணியில் ஒரு திருகாணி தளர்ந்திருந்தால் அந்த ஏணிக்குச் சொந்தக்காரனின் ஏழு தலைமுறையையும் உலுக்கி எடுத்துவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குத் தன் கால், இரும்பு முனை வைத்த பூட்ஸுக்குள் காலையிலிருந்து மாலை வரை வியர்வையில் வெந்துகொண்டிருந்தது மட்டும் தெரியவில்லை. தெரிந்தபோது என்ன செய்தாள்? மேலே கருஞ்சிவப்பில் நகப்பூச்சு அடித்தாள். மூடி மறைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு பாதுகாப்பு அதிகாரி நம்பலாமா என்று கேட்காதீர்கள். அவளும் மனுஷிதான்.

நிச்சயதார்த்தம் முடிந்து கல்யாணத் தேதி குறித்த பிறகுதான் அவளுக்கு மெட்டி ஞாபகம் வந்தது. அம்மி மிதிக்கும்போது மாப்பிள்ளை குனிந்து உட்கார்ந்து, பெண்ணின் பாதத்தைக் கையால் தூக்கி அம்மிமேல் வைத்து, பெருவிரலுக்கு அடுத்த விரலில் மெட்டி மாட்டுவான். அவன் மூக்குக்கும் அவள் விரலுக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. இந்தக் காலத்து போட்டோகிராபர்கள் வேறு அந்த ஒரு படத்துக்காகத் தரையில் படுத்தே விடுகிறார்கள். போதாததற்கு மண்டபத்தின் பெரிய திரையில் நேரடியாகக் காட்டுவார்கள். வந்திருக்கிற எல்லோரும் பிரியாணிக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவள் நகத்தைப் பார்க்கப்போகிறார்கள்.

அன்றே டாக்டரிடம் ஓடினாள்.

டாக்டர் சுவா நகத்தைச் சுரண்டித் தூளைப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் ரத்தம் எடுத்து ஈரல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். மூன்று மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டி, தடிப்பை அராவ வேண்டும். நகவெட்டியும் அரமும் வேறு யாரும் தொடக் கூடாது. இரண்டு ஜோடி பூட்ஸ் வைத்துக்கொண்டு, ஒன்று காயும்போது மற்றதைப் போட வேண்டும். நகப்பூச்சு கூடவே கூடாது.

"கல்யாணத்துக்குள்ள சரியாயிடுமா டாக்டர்?" என்று ரக்ஷனா கேட்டாள்.

"மாத்திரை கிருமியைக் கொல்லும். நகத்தை மாற்றாது. புது நகம் அடியிலிருந்து முளைத்து, பழையதை வெளியே தள்ள வேண்டும். கால் நகம் மெதுவாகத்தான் வளரும். ஒரு வருஷம், அதற்கு மேலும் ஆகலாம்."

"அப்ப கல்யாணத்தன்னிக்கு?"

"அடியில் புது நகம் ஒரு கீற்று தெரியும். மீதி இப்படித்தான் இருக்கும்," என்றார் டாக்டர். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் சொல்லிவிட்டீர்களா? ஒரே குளியலறை என்றால் அவருக்கும் தொற்றலாம்," என்று கேட்டார்.

"சொல்லிடறேன்" என்று ரக்ஷனா சொன்னாள். பச்சைப் பொய்.

சொல்வதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். திலீப் நல்ல பையன். அவன் நல்ல பையனாக இருந்ததுதான் இந்தக் கதையில் தொல்லையே. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை. கூட்டத்தில் யாராவது குறுக்கிட்டு ஒரு பெண்ணைப் பேசவிடாமல் செய்தால் "அவங்க முடிக்கட்டும்" என்று சொல்கிற ரகம். ரக்ஷனாவின் கால்களை அவன் எப்போதும் கருஞ்சிவப்புப் பூச்சோடுதான் பார்த்திருந்தான். ஒருமுறை ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில், "உன் கால் அழகா இருக்கு" என்றும் சொல்லித் தொலைத்திருந்தான். அந்த ஒரு வாக்கியம் அவள் வாயை அடைத்துவிட்டது.

பூச்சை எடுத்ததும் சுக்குத் துண்டுகள் வெளியே வந்தன. ரக்ஷனாவின் ஒளிந்து பிடிக்கும் விளையாட்டும் தொடங்கியது.

திலீப்பின் அம்மா ரத்தினம்மா தோ பாயோவில் ஒரு அடுக்குமாடி வீட்டில் மகனோடு இருந்தார். கணவர் இறந்து பல வருஷம் ஆகிறது. பள்ளி உணவகத்தில் கடை போட்டு மகனைப் படிக்க வைத்தவர். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலுக்குப் போவார். "நீயும் வாயேன்ம்மா" என்று ரக்ஷனாவைக் கூப்பிடுவார். கோயில் என்றால் செருப்பைக் கழற்ற வேண்டும். "ஓ.டி. இருக்கு ஆன்ட்டி" என்று ரக்ஷனா ஒவ்வொரு வெள்ளியும் சொன்னாள். ஓவர்டைம் செய்யாத வெள்ளியிலும் சொன்னாள்.

அவர் வீட்டுக்குப் போனால் வாசலில் ஷூவைக் கழற்றுவாள், சாக்ஸைக் கழற்ற மாட்டாள். பளபளவென்று துடைத்து வைத்த தரையில் சாக்ஸ் காலோடு வழுக்கிக்கொண்டே நடப்பாள். "கால் குளுருதாம்மா?" என்று ரத்தினம்மா கேட்டார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. கூடத்தில் ஏர்கானே கிடையாது. "ஆமா ஆன்ட்டி," என்றாள் ரக்ஷனா.

இது போதாதென்று மாத்திரை அவள் நாக்கில் கைவைத்தது. சிலருக்கு அப்படி ஆகுமாம். எதைத் தின்றாலும் தகர டப்பாவை நக்கியது போல் இருந்தது. மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று டாக்டர் கேட்டதற்கு, வேண்டவே வேண்டாம், புது நகத்தின் அந்த ஒரு கீற்றாவது வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிறு ரத்தினம்மா விடிகாலையில் தேக்கா சந்தைக்குப் போய் வாங்கிவந்த மீனில் குழம்பு வைத்துப் பரிமாறினார். ரக்ஷனா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். ரத்தினம்மா ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

ஒன்றும் சொல்லாதவர்கள் எல்லாவற்றையும் மனதில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று ரக்ஷனாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் நினைப்பெல்லாம் நகத்தில் இருந்தது. தினமும் எழுந்ததும் கைபேசி வெளிச்சத்தில் விரலைப் பார்ப்பாள். நேற்றைவிட வளர்ந்திருக்கிறதா? பட்டறையில் நிற்க முடியவில்லை, ரயிலில் உட்கார முடியவில்லை. பூட்ஸுக்குள் விரல்களைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு மெட்டி வாங்கும் நாள் வந்தது.

சிராங்கூன் சாலை நகைக்கடையில் சனிக்கிழமைக் கூட்டம் நெரித்தது. மெட்டி மாப்பிள்ளை வீட்டுச் செலவு என்பதால் ரத்தினம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார். சாதாரண வளையம் வேண்டாம், மூன்று சுற்று மெட்டி, கெட்டியாக வேண்டும் என்று கேட்டு வாங்கிப் பார்த்தார். திலீப் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான்.

கடைப்பெண் சிவப்பு மெத்தை வைத்த முக்காலியைக் கொண்டுவந்து ரக்ஷனாவின் முன்னால் போட்டாள். "ஷூவக் கழட்டிட்டு காலத் தூக்கி வைங்க மேடம். இது வளைக்கிற மாடல் இல்ல. அளவு பாத்துத்தான் எடுக்கணும்."

"வீட்டுல அளந்து சொல்றேனே," என்றாள் ரக்ஷனா.

"இங்க வந்துட்டு வீட்டுல எதுக்கும்மா? ஒரு நிமிஷ வேல," என்றார் ரத்தினம்மா.

கடைப்பெண் குனிந்து ரக்ஷனாவின் ஷூவில் கைவைத்தாள். சுற்றிலும் ஆட்கள். ரக்ஷனா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு மெட்டி வேண்டாம் ஆன்ட்டி."

அவள் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு திரும்ப எடுக்க வழியில்லை.

"வேண்டாம்னா? கல்யாணத்துக்கே வேண்டாமா?" என்று ரத்தினம்மா கேட்டார்.

அந்த நேரம் பார்த்து திலீப் உள்ளே வந்தான். என்ன நடந்தது என்று அரைகுறையாகக் கேட்டான். அவன் முகம் மலர்ந்தது. இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்காகப் பல வருஷமாகக் காத்திருந்தவன் போலத் தோளை நிமிர்த்தினான்.

"அவளுக்கு வேண்டாம்னா வேண்டாம்மா. கல்யாணம் ஆச்சுன்னு பொம்பளைங்க மட்டும் ஏன் கால்ல மாட்டிக்கணும்? நான் மாட்டிக்கிறேனா? ரக்ஷு சொன்னதுல என்ன தப்பு?"

ரத்தினம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெட்டித் தட்டைக் கடைப்பெண்ணின் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து வெளியே போனார்.

அன்று சாயங்காலமே திலீப் இன்ஸ்டாகிராமில் எழுதிவிட்டான். என் மனைவியின் கால், அவளுடைய முடிவு. அதற்குக் கீழே இதயங்கள் குவிந்தன. அவன் ஆபீஸ் பெண்கள் எல்லோரும் ரக்ஷனாவுக்குக் கைதட்டினார்கள். ரக்ஷனா போனைத் தலையணைக்கு அடியில் புதைத்துவிட்டு, "கடவுளே, இவன வாயை மூடச் சொல்லேன்" என்று வேண்டிக்கொண்டாள்.

அவளுடைய அம்மா வேறு, "இப்போதைக்கு அப்படியே விட்டுடு. மெட்டியே இல்லன்னா யாரும் கால் பக்கம் வரமாட்டாங்க. நல்லதாப் போச்சு," என்றார். ரக்ஷனாவுக்கும் ஒருநாள், இரண்டு நாள் நிம்மதியாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும்.

அடுத்த வாரம் தேக்கா உணவங்காடியில் தோசையைப் பிய்த்துக்கொண்டே திலீப் விஷயத்தைச் சொன்னான். "நானும் அம்மாவும் பேசிக்கறதில்ல."

"ஏன்?"

"மெட்டி இல்லாத கல்யாணத்துல மேடைக்கு வரமாட்டாங்களாம். அப்ப வராதீங்கன்னு சொல்லிட்டேன்."

ரக்ஷனா பிய்த்த தோசையைத் தட்டிலேயே போட்டாள். "உங்கம்மாவப் போய் வராதீங்கன்னா சொன்ன?"

"உனக்காகத்தான் லா. யாராச்சும் ஒருத்தர் ஸ்டாண்ட் எடுக்கணும்ல."

"திலீப், எனக்கு மெட்டி பிடிக்கும்." அவள் இதைச் சொல்ல ஊர்ப்பட்ட தைரியம் தேவைப்பட்டது. "உண்மையாவே பிடிக்கும். போட்டுக்கணும்னு ஆசை."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியே விட்டது அவனுக்கு. "பாத்தியா, எங்கம்மாவுக்காக நீ மாத்திக்கற. வேண்டாம் ரக்ஷு. யாருக்கும் பயப்படாத. நான் இருக்கேன்."

இவனை என்ன செய்வது? முட்டிக்கொள்ளச் சுவர்கூட இல்லாத இடம் அது. அடுத்த மேசையில் ஒரு குடும்பம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. ரக்ஷனா தகரம் போலிருந்த தோசையை மென்று விழுங்கினாள்.

அடுத்த சனிக்கிழமை முற்பகலில் அவள் பட்டறையில் சாரக்கட்டைச் சோதித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ரத்தினம்மா.

"வேல நேரத்துல தொந்தரவு பண்றேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வெச்சிடறேன்ம்மா," என்றார். கோபமே இல்லாத குரல். அதுதான் ரக்ஷனாவைப் பயமுறுத்தியது.

"சொல்லுங்க ஆன்ட்டி."

"கோயிலுக்குக் கூப்பிட்டா என்கூட வரமாட்ட. நான் சமைச்சா ரெண்டு வாய்க்கு மேல சாப்பிட மாட்ட. என் வீட்டுத் தரையில வெறுங்கால்கூட வைக்க மாட்ட. எல்லாத்தையும் சின்னப் பொண்ணுன்னு விட்டேன். நான் எடுத்துக் குடுத்த மெட்டியையும் வேண்டாம்னுட்ட." ரத்தினம்மா கொஞ்சம் நிறுத்தினார். "புருஷன் போனவ கையால வாங்கக் கூடாதுன்னு உங்க வீட்டுல யாராச்சும் சொன்னாங்களா? சொல்லியிருந்தா தப்பில்லம்மா. நான் வேற யாரையாச்சும் அனுப்பி வாங்கச் சொல்லியிருப்பேன். அத எம்புள்ளகிட்ட வேற மாதிரி சொல்லி, எங்களப் பேச விடாமப் பண்ணிட்டியே."

"ஐயோ, இல்ல ஆன்ட்டி" என்று அவள் சொல்வதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

ஒரு நகத்தை மறைக்கப்போய் ஒரு மனுஷியை என்ன நினைக்க வைத்துவிட்டாள்! அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. நகத்தின்மேல் இருந்த அருவருப்பு அதற்குப் பக்கத்தில்கூட வராது. மேற்பார்வையாளரிடம் அவசரம் என்று சொல்லிவிட்டு, தலைக்கவசத்தை மட்டும் கழற்றி வைத்துவிட்டு, அழுக்கு பூட்ஸோடு டாக்சி பிடித்தாள். தோ பாயோ வரும்வரை முன்சீட்டை உதைத்துக்கொண்டே இருந்தாள். ஓட்டுநர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

லிஃப்ட் வர நேரமானது. படியேறினாள். ரத்தினம்மாவின் இரும்புக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். ஈர சாக்ஸையும் உருவினாள். கதவைத் திறந்த ரத்தினம்மா, முகத்தைப் பார்ப்பதா காலைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றார்.

"இதான் ஆன்ட்டி காரணம்," என்றாள் ரக்ஷனா. அழுகை முட்டியது. "வேற எதுவுமே இல்ல. ஃபங்கஸ். பல வருஷமா இருக்கு. பாத்தா அருவருப்பா நினைப்பீங்கன்னுதான் கோயிலுக்கு வரல, சாக்ஸ் கழட்டல. மாத்திரையால நாக்கு செத்துப்போச்சு, உங்க குழம்பு நல்லாருந்ததா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாது. கடையில அந்தப் பொண்ணு ஷூவத் தொட்டதும் பயந்துட்டேன். நீங்க நினைச்ச மாதிரி நான் கனவுலகூட நினைக்கல."

ரத்தினம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார். ரக்ஷனாவை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே தரையில் உட்கார்ந்து விரல்களைப் பார்த்தார். முகத்தைச் சுளிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கொஞ்சம் சுளித்தார்.

"வலிக்குதா?"

"பூட்ஸ் போட்டா வலிக்கும்."

"திலீப்புக்குத் தெரியுமா?"

ரக்ஷனா இல்லை என்று தலையசைத்தாள்.

"இந்த நகத்துக்கா," என்றார் ரத்தினம்மா. இப்போதுதான் கோபம் வந்தது. "இந்த நகத்துக்கா எம்புள்ள என்னைக் கல்யாணத்துக்கு வராதீங்கன்னு சொன்னான்? நான் ராத்திரியெல்லாம் தூங்காமக் கிடந்தேன். ஒரு வார்த்த, என்கிட்ட வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன?"

ரத்தினம்மா அறைப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "திலீப், வெளிய வாடா." பல நாளைக்குப் பிறகு மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அரைக்கால் சட்டையோடு வெளியே வந்த திலீப், ரக்ஷனா அழுவதைப் பார்த்ததும் பாய்ந்தான். "அம்மா, அவளப் போய் ஏன் வற்புறுத்தறீங்க? நான்தான் சொன்னேன்ல, அவ கால், அவ..." என்று ஆரம்பித்தவன் கால்களைப் பார்த்துவிட்டான். மீதி வாக்கியம் வரவில்லை.

ரக்ஷனா முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நின்றபடியே கேட்டான்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்," என்றான் கடைசியில்.

"அழகா இருக்குன்னு சொன்னியே."

"அதுக்காக எங்கம்மாகூட சண்ட போட விட்டுட்டு வேடிக்க பாப்பியா?" அவன் கேட்டது நியாயம் என்பது அவளுக்குத் தெரிந்தது. அது சுருக்கென்று தைத்தது. "முதல்ல அந்தப் போஸ்ட எடுக்கணும். திங்கக்கிழம ஆபீஸ்ல என்ன சொல்லுவேன்?" என்று கைபேசியைத் தடவினான். பிறகு அம்மாவைப் பார்த்தான். "அம்மா, நான் அன்னைக்குச் சொன்னது..."

"சொன்னது வலிச்சுது. அதப் பத்தி அப்புறம் பேசலாம்," என்றார் ரத்தினம்மா. எழுந்துபோய்ப் பூக்கட்டும் நூலில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்தார். மகனிடம் நீட்டினார். "அளவெடு. கடைக்குச் சொல்லணும்."

"நீங்களே எடுங்களேம்மா. எனக்கு எப்படின்னு தெரியாது."

"நான் தொடக் கூடாதுடா. மெட்டி விஷயம்."

"நானும் தொடாதீங்கன்னுதான் சொல்ல வந்தேன் ஆன்ட்டி. ஒட்டிக்கும்," என்றாள் ரக்ஷனா. சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறமா கைய சோப்பு போட்டுக் கழுவிக்கலாம். நீங்க எடுங்க. நீங்க எடுத்தாத்தான் நான் போட்டுக்குவேன்."

ரத்தினம்மா நூலைத் தன் பக்கம் இழுத்து முறுக்கை நீவினார். திலீப் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். ரக்ஷனாவின் பக்கம் அவன் இன்னும் திரும்பவில்லை.

ரத்தினம்மா நகத்தில் படாமல், விரலின் அடியில் நூலைச் சுற்றினார்.

"இறுக்கமா இருக்கா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கணும்மா. என்னோடத கழட்டும்போது வரல. சோப்பு போட்டுத்தான் இழுத்தாங்க."

நூல் சரியாகச் சுற்றவில்லை என்று அவிழ்த்து, மறுபடியும் முதலிலிருந்து சுற்றத் தொடங்கினார். ரக்ஷனா காலை இழுத்துக்கொள்ளவில்லை.